பி.பி. கிங்கை வீட்டுக்குப் போகச் சொல்லும் உரிமை யாருக்கு?

தொண்டி வாசகர் ஒருவரின் கேள்வி, 10 ஏப்ரல் 2014

இம்மாதம் 4ஆம் தேதி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், பீபாடி ஆப்பரா அரங்கில், ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில் பாடகரும் கிதார் கலைஞருமான பி.பி. கிங் நடத்திய கச்சேரியைப் பற்றி வெளிவந்த விமர்சனத்தை வாசித்தேன். 88 வயதான அவர் கிதாரைத் தொட்டதைவிடப் பேசியதே அதிகம். ஊரறிந்த பழைய பாட்டொன்றைச் சபையோரைக் கொண்டு நெடுநேரம் பாடவைத்தார். கூட்டத்திலிருந்து 'வாசியுங்கள்' என்று குரல் எழுந்தது. பலர் பாதியில் எழுந்து போனார்கள். விமர்சகர் நடந்ததை எழுதினார். அதற்கு இங்கே உள்ள ரசிகர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள்? மீன் கெட்டுவிட்டால் கெட்டுவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற கரை நம்முடையது. பாட்டுக்கு மட்டும் எதற்கு இந்தத் தாட்சண்யம்?

11 ஏப்ரல் 2014, காலை

தாட்சண்யம் அன்று. கணக்குத் தவறு என்பதுதான் என் வழக்கு.

அந்த விமர்சகர் எந்த பி.பி. கிங்கைத் தேடிக்கொண்டு அரங்குக்குள் போனார் என்பதை முதலில் கேட்க வேண்டும். 1964 நவம்பர் 21 அன்று சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான கச்சேரியைக் கேட்ட எவருக்கும் அந்தக் குரல் காதை விட்டுப் போகாது. அப்போது அவருக்கு 39 வயது. அரைநூற்றாண்டு கழித்து அதே குரலைக் காதில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால், மேடையில் இருப்பவர் தோற்றுத்தான் போவார். அந்தப் பதிவுக்கு ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 22 இரவில், நம் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிற்று. எனக்கு அப்போது ஐந்து வயது. என் வாப்பா அதற்குப் பிறகு மவுத்தாகும்வரை அந்தப் பக்கம் போகவில்லை. "நான் பார்த்த ஊர் அங்கே இல்லை" என்று மட்டும் சொல்வார். அது அவருடைய உரிமை. ஆனால் இன்றும் அங்கே குடிசை போட்டுக்கொண்டு கரைவலை இழுப்பவர்களிடம் போய், 'இது பழைய தனுஷ்கோடி மாதிரி இல்லையே' என்று ஒருவர் குறை சொன்னால், அவரை நாம் என்னவென்று நினைப்போம்?

பேசியதே அதிகம் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. மனிதர் மெம்பிஸ் நகரத்து டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவர். அங்கே அவருக்கு வைத்த 'பீல் தெரு ப்ளூஸ் பையன்' என்ற பெயர்தான் சுருங்கிச் சுருங்கி பி.பி. என்று நின்றது. பேச்சு அவருக்கு முதுமையில் வந்த நோய் அன்று, கிதாரோடு சேர்ந்து வந்த தொழில். 1956ஆம் ஆண்டில் மட்டும் 342 இரவுகள் மேடையேறியவர், 1990 முதல் சர்க்கரை நோயோடு இருப்பவர், பல ஆண்டுகளாக நாற்காலியில் உட்கார்ந்தே வாசிப்பவர், ஓர் இரவு தடுமாறினார் என்பதற்காக இத்தனை வரிகளை எழுதியவருக்குக் காதே இல்லை என்றுதான் சொல்வேன்.

11 ஏப்ரல் 2014, இரவு

கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். நான் பி.பி. கிங்கை நேரில் பார்த்தது கிடையாது. பள்ளிக்கூட நாட்களில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு கீழக்கரையில் எங்கள் வீட்டு மாடியில் மதராஸ் நிலையத்தைவிடத் தெளிவாகக் கேட்கும். அதில் தொடங்கிய பழக்கம். பிறகு சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன், பெரிய காக்கா, கொண்டுவந்த இரண்டு கேசட்டுகள். என் உறவு அவ்வளவுதான். விமர்சகரோ அரங்கில் உட்கார்ந்திருந்தவர். போகாத கச்சேரிக்காகப் போனவரின் காதைக் குறை சொல்வது அழகில்லை என்று என் வீட்டார் சொன்னார்கள். அவர்களுக்கு ப்ளூஸ் பிடிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

13 ஏப்ரல் 2014

அவருடைய தரப்பிலிருந்து விளக்கம் வந்திருக்கிறது. நீண்ட பேருந்துப் பயணத்தால் களைத்திருந்தாராம், எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்தில் ஒரு வேளை தவறிவிட்டதாம். அது மோசமான இரவுதான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டிருக்கிறார்கள்.

இதை வாசித்தவுடன் எனக்கு விமர்சகர் மேல் இருந்த கோபம் இடம் மாறிவிட்டது. என் உம்மாவுக்கும் சர்க்கரை. ஒருமுறை மதுரைக்கு அழைத்துப் போனபோது மாத்திரைப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டோம். இரவு திரும்பும் வழியில், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து என் பெயரையே கேட்டுக்கொண்டும் வந்தார். தவறு அவருடையதா? பையை எடுக்காத என்னுடையது. அதைப்போல, அந்த இரவு மேடைக்குப் பின்னால் நின்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒருவருக்காவது 'இன்று வேண்டாம்' என்று சொல்ல வாய் வரவில்லையா என்பதைத்தான் விமர்சகர் கேட்டிருக்க வேண்டும். அரங்கின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து எழுதிவிட்டார்.

14 ஏப்ரல் 2014

பாம்பன் நண்பர் காலையிலேயே திருத்தம் அனுப்பிவிட்டார். கெட்ட மீனைப் பற்றிய கேள்விக்கு, 'மீன் பழசானால் கருவாடு, அதற்கும் ருசி உண்டு' என்று நான் வேறோர் இடத்தில் எழுதியிருந்தேன். கெட்ட மீனைக் கருவாடு போட்டால் புழுதான் மிஞ்சும், நல்ல மீனாக இருக்கும்போதே உப்பில் போட்டால்தான் கருவாடு என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்தத் திருத்தம் என் பக்கத்துக்குத்தான் சாதகம். நாளை முதல் 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவருக்கு இனி நிறைய நேரம் இருக்கும். எல்லாரும் கவனமாக எழுதுங்கள்.

20 ஏப்ரல் 2014

தேர்தலுக்கு இன்னும் நான்கு நாள். தெருவில் ஆட்டோ ஒலிபெருக்கி ஓயவில்லை. ஜன்னலை அடைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

'கிதாரையே தொடவில்லை' என்ற குறை என் மனத்தைவிட்டுப் போகவில்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பி.பி. கிங் பாடும்போது வாசிப்பதில்லை, வாசிக்கும்போது பாடுவதில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்யத் தமக்கு வராது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு வரியைத் தாம் பாடுவார், பிறகு வாயை மூடிக்கொண்டு லூசிலைப் பதில் சொல்ல விடுவார். (லூசில் என்பது கிதாரின் பெயர். 1949இல் ஆர்கன்சாவில் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் ஆட்டக்கூடம் ஒன்றில் இரண்டு பேர் சண்டையிட்டு, குளிருக்காக மண்ணெண்ணெய் எரித்துக்கொண்டிருந்த பீப்பாயைக் கவிழ்த்துவிட்டார்கள். வெளியே ஓடி வந்தவர், கிதாருக்காகத் திரும்ப நெருப்புக்குள் ஓடினார். சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று தமக்கே நினைவூட்ட அந்தப் பெயரைக் கிதாருக்கு வைத்தார்.) அவருடைய உறவினர் புக்கா வைட் நரம்பின் மேல் இரும்பை வழுக்கி எழுப்பிய ஒலி இவர் கைக்கு வரவில்லை, அதற்கு ஈடாக விரலை நரம்பின் மேல் வைத்து நடுக்கக் கற்றுக்கொண்டார். உலகம் அவருடையது என்று அடையாளம் காண்கிற அந்த அதிர்வு, வராத ஒன்றுக்காகக் கண்டுபிடித்த மாற்றுவழி. ஆகவே இந்த மனிதரின் இசையில் 'செய்யாமல் விடுவது' என்பது தொடக்கத்திலிருந்தே ஒரு பாதி. நூறு சுரம் வரவேண்டிய இடத்தில் ஒரு சுரத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பவர் அவர்.

ப்ளூஸ் பருத்திக்காட்டிலிருந்து வந்தது. அவரும் சிறுவயதில் பருத்தி எடுத்தவர், இண்டியானோலாவில் டிராக்டர் ஓட்டியவர். ஓர் அடியை இருமுறை சொல்லி, மூன்றாம் அடியில் பதில் சொல்லுவது அதன் கட்டு. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மண்டபம் கரையில் கேட்ட அம்பாப் பாட்டுதான் நினைவுக்கு வரும். கரைவலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்து ஆட்கள் பின்னோக்கி அடி வைத்து இழுக்க, ஒருவர் வரி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குவார்கள். நான் பார்த்த நாட்களில் வரி எடுத்துக் கொடுத்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். கயிற்றைத் தொடமாட்டார்; தொட்டாலும் அந்தக் கைக்கு வலு இருந்திருக்காது. ஈரமணலில் குந்தியபடி வரியை மட்டும் கொடுப்பார், அதுவும் பாதி வரிதான். மீதியை இழுப்பவர்களே பாடிக்கொள்வார்கள். வலையின் மடி கரையேறிப் பங்கு பிரிக்கும்போது அவருக்கும் ஒரு பங்கு வைப்பார்கள். 'நீ கயிறு பிடிக்கவில்லையே' என்று ஒருவரும் சொன்னதில்லை, ஏனென்றால் அவர் வரி கொடுக்காத நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் காலை ஊன்றமாட்டார்கள், வலை கோணிக்கொண்டு வரும்.

சபையோரைப் பாடவைத்தார் என்பது குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. அது குற்றமா என்பதை நம் கரையில் நின்றுதான் கேட்கிறேன்.

21 ஏப்ரல் 2014

தொண்டிக்காரர் நேற்று எழுதியதற்கு நல்ல அடி கொடுத்திருக்கிறார். அந்தப் பெரியவருக்குப் பங்கு வைத்தவர்கள் அவரோடு நாற்பது ஆண்டு கயிறு பிடித்தவர்கள். செயின்ட் லூயிஸ் அரங்கில் டிக்கெட் வாங்கியவர் பங்காளி அல்லர், மீன் வாங்க வந்தவர். அவரிடம் வந்து நீயே வலையை இழு என்றால் எப்படி என்று கேட்கிறார்.

உடனே பதில் வரவில்லை எனக்கு.

2 மே 2014

இந்த இடைவெளியில் கீழக்கரையிலிருந்து இன்னொருவர் எழுதியதைப் படித்து இரண்டு நாள் சும்மா இருந்தேன். சங்கு குளித்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். அவருடைய வாப்பாவுக்கு வயதானபின் காது போயிற்று, மூச்சும் சுருங்கிற்று. ஆனாலும் வள்ளம் புறப்பட்டால் முதல் ஆளாக வந்து நிற்பாராம். ஒரு நாள் வள்ளத்தின் தலைவரான தண்டல் அவரை வள்ளத்தில் உட்காரவைத்து, "இனி நீங்கள் பாரைக் காட்டுங்கள், குளிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. பிறகு பதினோரு ஆண்டு பார், அதாவது கடலடியில் சங்கு கிடக்கும் திட்டு, காட்டினார். 'அன்றைக்குத் தண்டல் தாட்சண்யம் பார்த்திருந்தால் எங்களுக்கு வாப்பா இருந்திருக்கமாட்டார். உங்கள் பாடகருக்கு ஒரு தண்டல் இல்லாமற்போனதுதான் குறை' என்று முடித்திருக்கிறார்.

13ஆம் தேதி நான் கேட்ட கேள்வியையே இவர் என்னைவிட நன்றாகக் கேட்டுவிட்டார். ஆனால் ஒன்று உண்டு. 2006இல் பி.பி. கிங் ஐரோப்பாவுக்குப் பிரியாவிடைப் பயணம் என்றே அறிவித்துப் போனார். சில ஆண்டுகளில் திரும்பவும் அங்கே மேடையில் இருந்தார். வள்ளத்தில் உட்காரவைத்தாலும் தாவிக் குதிக்கிறவரை எந்தத் தண்டல் என்ன செய்வார்?

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கச்சி மகன் மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய கச்சேரி ஒன்றுக்குப் போனவன். அவனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். குழுவினர் முதலில் அவர் இல்லாமலே சில உருப்படிகள் வாசித்தார்களாம்; பிறகு அவர் மெல்ல நடந்து வந்து நாற்காலியில் அமர்ந்தாராம்; முன்வரிசைப் பிள்ளைகளுக்குக் கிதார் மீட்டும் வில்லைகளைக் கொடுத்தாராம். "பாட்டு எப்படி இருந்தது?" என்றேன். "மாமா, நிறையப் பேசினார். ஆனால் ஒரு தடவை ஒரே ஒரு நரம்பைத் தொட்டார், அதற்கப்புறம் பாப்கார்ன் தின்கிற சத்தம்கூட இல்லை" என்றான். "அந்த ஒரு தடவைக்கு அந்த டிக்கெட் தகுமா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, டிக்கெட் தன் நண்பன் வாங்கிக் கொடுத்தது என்றான்.

18 மே 2014

இதைச் சொல்லாமல் இந்த விவாதத்தில் நான் தொடர்ந்து எழுதுவது நேர்மையாகாது.

1991இல் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றின் தர்கா விழாவான கந்தூரியில் ஒரு முதியவர் இன்னிசைக் கச்சேரி செய்தார். ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் தவிர்க்கிறேன். ஆர்மோனியப் பெட்டியோடு இந்தக் கடற்கரை முழுவதும், வாலிநோக்கத்திலிருந்து தொண்டிவரை, கந்தூரிக்கும் மீலாது விழாவுக்கும் கல்யாணத்துக்கும் பாடித் திரிந்தவர். என் பெற்றோர் கல்யாணத்திலும் அவர்தான் பாடினார் என்பார்கள். அன்று அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மேல் ஸ்தாயிக்கு ஏறவேண்டிய ஒரு வரியில் ஏறி, பாதியில் மூச்சு விட்டுப்போய் நின்றுவிட்டார். எனக்கு 32 வயது, வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தேன், எல்லாம் தெரிந்தவனாக இருந்தேன். ஊர் இளைஞர்கள் தட்டச்சு செய்து படியெடுத்து நடத்திய மாத இதழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். தலைப்பு 'மூச்சில்லா பாட்டு'. 'பாட்டு நின்றது, ஆனால் பாடகர் எழுந்திருக்கவில்லை' என்பது அதன் முதல் வரி. அந்த வரிக்காக எனக்குக் கிடைத்த பாராட்டை இப்போது நினைத்தால் கூசுகிறது. மறு ஆண்டு கந்தூரிக்கு அவரை அழைக்கவில்லை.

அதற்கும் அடுத்த ஆண்டு ஏர்வாடிச் சந்தனக்கூடு நாளில், தர்காவுக்குப் போகும் வழியிலிருந்த தேநீர்க்கடை ஒன்றில் அவரைப் பார்த்தேன். தப்பிக்கலாம் என்று திரும்புவதற்குள் அவரே அழைத்துவிட்டார். பக்கத்தில் உட்காரவைத்துத் தேநீர் சொன்னார். "நல்லா எழுதியிருந்தீங்க தம்பி. தலைப்புலதான் ஒரு எழுத்து விட்டுப்போச்சு. மூச்சில்லாப் பாட்டு. நடுவுல ஒரு 'ப்' வேணும். ரெண்டு சொல்லும் அந்தப் 'ப்'புலதான் பிடிச்சிருக்கு. அத எடுத்திட்டா அங்கதான் மூச்சு வாங்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தேநீருக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

செயின்ட் லூயிஸ் விமர்சகர் மேல் முதல் நாள் எனக்கு வந்த கோபம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

25 மே 2014

அவசரப்பட்டு அழுதுவிட்டேன் போலிருக்கிறது. அந்தக் கந்தூரியை நடத்தியவர்களில் ஒருவர், இப்போது எண்பதை நெருங்குகிறவர், பேரனைக் கொண்டு எழுதவைத்து அனுப்பியிருக்கிறார். மறு ஆண்டு அந்தப் பாடகரை அழைக்காததற்கும் என் கட்டுரைக்கும் சம்பந்தமே இல்லையாம். அந்த ஆண்டு வசூல் குறைவு, ஒலிபெருக்கிக்காரருக்கே பாக்கி நின்றது, கச்சேரியையே நிறுத்திவிட்டார்களாம். 'உங்கள் இதழை எங்கள் கமிட்டியில் யாரும் வாசித்ததாக எனக்கு நினைவில்லை' என்பது அவருடைய கடைசி வாக்கியம்.

இருபது ஆண்டுகளாக ஒரு மனிதரின் மேடையைப் பறித்தவன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குரிய முக்கியத்துவம்கூட எனக்கு இருந்ததில்லை. தொண்டிக்காரர் சிரித்துக் கொள்ளலாம்.

ஆனால் பாடகர் வாசித்திருக்கிறார் என்பது மாறவில்லை.

6 அக்டோபர் 2014

3ஆம் தேதி சிகாகோவின் ஹவுஸ் ஆப் ப்ளூஸ் அரங்கில் பி.பி. கிங் மேடையில் உடல்நலம் குன்றினார். நீரிழப்பும் களைப்பும் என்கிறார்கள். எஞ்சியிருந்த எட்டுக் கச்சேரிகளையும் ரத்து செய்துவிட்டார்கள்.

கீழக்கரை நண்பர் 'தண்டல் வந்துவிட்டார்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

9 ஏப்ரல் 2015

நேற்று சென்னையில் இசைமுரசு நாகூர் ஹனிபா மறைந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

பெயரில் நாகூர் இருந்தாலும் அவர் 1925 டிசம்பர் 25 அன்று இராமநாதபுரத்தில் பிறந்தவர். இங்கே ஒருவர் சுட்டிக்காட்டும்வரை எனக்குத் தோன்றவில்லை: பி.பி. கிங் அதே 1925இன் செப்டம்பர் 16 அன்று மிசிசிப்பியில் பிறந்தவர். நூறு நாள் இடைவெளி. இந்த ஓராண்டாகப் பருத்திக்காட்டுக்காரரை நம் கரைக் கணக்கில் சேர்க்க நான் பாடுபட்டபோது, அவருக்குச் சமவயதில் நம் மாவட்டத்திலேயே பிறந்த குரல் ஒன்று இருந்ததை ஒருமுறையும் குறிப்பிடவில்லை. பனைமரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து அந்தக் குரல் புறப்பட்டால், கடலில் நின்ற வள்ளத்துக்கும் வரி பிசகாமல் போய்ச் சேரும். வீட்டிலிருக்கும் குரலைக் காற்றைப் போல எடுத்துக்கொள்கிறோம், விவாதிப்பதில்லை. இன்று வேறு எதுவும் எழுத மனம் இல்லை.

16 மே 2015

பி.பி. கிங் 14ஆம் தேதி லாஸ் வேகாசில் தம் வீட்டில் காலமானார். வயது 89. ஹனிபா அவர்கள் போய் ஐந்து வாரம். சிகாகோதான் கடைசி மேடையாக இருந்துவிட்டது.

பாராட்டுகள் எல்லாத் திசையிலிருந்தும் வருகின்றன. ஓராண்டுக்கு முன்பு இங்கேயே 'வீட்டுக்குப் போகட்டும்' என்று எழுதியவர்களும் நெஞ்சுருகி எழுதுகிறார்கள். தொண்டிக்காரர் மட்டும் மாறவில்லை: அவர் மாபெரும் கலைஞர், அந்த இரவு கச்சேரி மோசம், இரண்டும் உண்மை என்கிறார். இத்தனை அஞ்சலிகளில் எனக்குப் பிடித்தது இதுதான். செயின்ட் லூயிஸ் இரவைப் பற்றி இனி நான் அவரோடு வழக்காடப்போவதில்லை. பாட வேண்டியவருக்கு அன்று வரவில்லை, வாங்க வேண்டியவர்கள் அன்று வாங்கவில்லை. விமர்சனத்தில் முதல் பாதி இருந்தது, இரண்டாம் பாதி இல்லை. என் குறை அவ்வளவாகச் சுருங்கிவிட்டது.

21 ஜூன் 2015

இரண்டாம் நோன்புக்கு மறுநாள். பெரிய காக்கா வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு கேசட் கிடைத்திருக்கிறது. மேலே அவர் கையெழுத்தில் 'கந்தூரி 91'. அன்று அவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. நேற்று நோன்பு திறந்தபின் இருவரும் உட்கார்ந்து கேட்டோம். நாடா இரண்டு இடத்தில் இழுபட்டிருக்கிறது, கூட்டத்தின் இரைச்சல் அதிகம்.

நான் எழுதிய அந்த இடம் வருகிறது. குரல் ஏறுகிறது, நடுங்குகிறது, அறுந்துபோகிறது. அதுவரை நான் எழுதியது சரி. ஆனால் பாட்டு நிற்கவில்லை. ஆர்மோனியம் அதே சுரத்தைப் பிடித்தபடி இருக்கிறது. முதலில் முன்வரிசையில் யாரோ ஒருவர், பிறகு ஆண்கள் பக்கம், பிறகு திரைக்குப் பின்னாலிருந்து பெண்கள், அந்த வரியின் மீதியைப் பாடி முடிக்கிறார்கள். அவர் அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொள்கிறார். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டு விநாடி. இந்தப் பன்னிரண்டு விநாடியும் நான் அங்கே உட்கார்ந்துதான் இருந்தேன்.

அந்த இடைவெளியில், ரெக்கார்டருக்கு மிக அருகில், 'ச்சு' என்று ஒரு சலிப்பு கேட்கிறது. அது நான்தான் என்றேன். காக்கா மறுக்கிறார், அன்று கொசுத்தொல்லை தாங்கவில்லை, அது தன்னுடைய 'ச்சு' என்கிறார். நாடாவைப் பின்னால் ஓட்டி நான்கு முறை கேட்டோம். முடிவாகவில்லை. ஐந்தாம் முறை அவர் வீட்டு மைனி வந்து, தராவீஹ் இரவுத் தொழுகைக்கு நேரமாகிறது என்று பெட்டியை நிறுத்திவிட்டார்கள்.

இதைக் கணினிக்கு மாற்ற வேண்டும். இராமநாதபுரத்தில் கேசட் பதிவு செய்துகொடுத்த கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். காக்காவின் பெட்டியில் வேகம் சீராக இல்லை, நாடாவைத் தின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நல்ல டெக் வைத்திருப்பவர்கள் பாம்பனிலோ மண்டபத்திலோ யாராவது இருந்தால் தெரிவியுங்கள்; நானே கேசட்டோடு வருகிறேன், கையைவிட்டுக் கொடுக்கமாட்டேன். தொண்டியானாலும் பரவாயில்லை.